இரும்பு வேலையும் மேற்பூச்சும்: வாளையாற்று வட்டாரத்தினருக்கான கேள்வி பதில்கள்

பாலக்காட்டுக் கணவாயின் கேரளப் பக்கத்தில் கஞ்சிக்கோடு, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் ஆகிய ஊர்களிலும், தமிழ்நாட்டுப் பக்கத்தில் க.க.சாவடி, மதுக்கரை வரையிலும் வீட்டுக்கு கேட், கிரில், மாடி ட்ரஸ் (மொட்டை மாடியில் இரும்புச் சட்டத்தின்மேல் போடும் தகட்டுக் கூரை) போட நினைப்பவர்களும், பட்டறை வேலையைப் புதிதாகக் கற்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பெரும்பாலோர் மேற்பூச்சைப் பற்றி வேலை முடிந்த பிறகுதான் யோசிக்கிறார்கள். எந்தப் பூச்சு என்பதை வெட்டுவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும் என்பதே எங்கள் கருத்து. அதற்கான காரணங்கள் பதில்களில் வரும்.

ஃபேப்ரிகேஷன் என்பதில் எந்தெந்த வேலைகள் அடங்கும்?

தகடு, பைப், ஆங்கிள், சேனல், பட்டை என ஆலையிலிருந்து உருட்டி வந்த உலோகத்தை வெட்டி, வளைத்து, துளையிட்டு, இணைத்து ஒரு பொருளாக்குவது ஃபேப்ரிகேஷன். உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றுவது வார்ப்பு. பழுக்கக் காய்ச்சி அடித்து உருவாக்குவது கொல்லுவேலை. ஒரே கேட்டில் மூன்றும் சேர்ந்திருக்கலாம்: சட்டம் ஃபேப்ரிகேஷன், ஈட்டிமுனை வார்ப்பு, சுருள் வேலைப்பாடு கொல்லுவேலை.

எம்.எஸ்., ஜி.ஐ., எஸ்.எஸ்., அலுமினியம் இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது?

எம்.எஸ். என்று நாம் சொல்லும் மைல்டு ஸ்டீல் விலை குறைந்தது, வெல்டிங்குக்கு எளிதில் இணங்குவது, உறுதியானது. கட்டுமான எஃகுக்கான ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 2062 தரத்தில் ஈ250 என்ற வகை, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன் விசை வரை நிரந்தரமாக நீண்டுவிடாமல் தாங்கும். அதன் ஒரே குறை துரு. ஜி.ஐ. என்பது அதே எஃகுக்குத் துத்தநாகப் போர்வை போர்த்தியது. எஸ்.எஸ். எனப்படும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அலுமினியம் எஃகின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அதே அளவுள்ள துண்டு, அதே பாரத்தில் எஃகைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு வளையும்.

கேட்டுக்கு எம்.எஸ்., மாடி ட்ரஸ்ஸுக்கு ஜி.ஐ., கைப்பிடிக்கு எஸ்.எஸ்., ஜன்னலுக்கு அலுமினியம் என்பது இப்பக்கத்து வழக்கம். அந்த வழக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கடைக்காரர் 16 கேஜ் என்கிறார், பட்டறைக்காரர் 2 மில்லிமீட்டர் என்கிறார். எதை நம்புவது?

எடையை நம்புங்கள். கேஜ் எண் கூடக் கூடத் தடிமன் குறையும்: 14 கேஜ் ஏறக்குறைய 2 மி.மீ., 16 கேஜ் 1.6 மி.மீ., 18 கேஜ் 1.2 மி.மீ. எஃகின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 7,850 கிலோ என்பதால், 1 மி.மீ. தடிமனுள்ள ஒரு சதுர மீட்டர் தகடு 7.85 கிலோ இருக்கும். இதை வைத்து எதையும் கணக்கிட்டுவிடலாம். 50க்கு 50 சதுர பைப் 2 மி.மீ. தடிமனில் மீட்டருக்குச் சற்றேறக்குறைய 3 கிலோ வரும், 1.6 மி.மீ. என்றால் 2.4 கிலோதான். ஆக 6 மீட்டர் பைப் ஒன்று 18 கிலோவுக்குப் பதிலாக 14.5 கிலோ காட்டினால், கொடுத்த பணத்துக்குரிய தடிமன் அதில் இல்லை. சதுர அடிக் கணக்கில் பேசி முடிக்கும் ட்ரஸ் வேலைகளில்தான் இந்த வித்தியாசம் யார் கண்ணிலும் படாமல் போகிறது.

வெட்டுவதற்கு ஏன் இத்தனை முறைகள்? கேஸ் கட்டிங் ஒன்றே போதாதா?

கேஸ் கட்டிங்கில் சுடர் எஃகைச் சூடாக்கும் வேலையை மட்டுமே செய்கிறது, வெட்டுவது ஆக்சிஜன். பழுத்த இரும்பு ஆக்சிஜனில் எரிந்து ஆக்சைடாகிறது, அந்த ஆக்சைடு எஃகைவிடக் குறைந்த வெப்பத்திலேயே உருகுவதால் ஆக்சிஜனின் வேகமே அதை ஊதித் தள்ளிவிடுகிறது. எஸ்.எஸ்.ஸிலும் அலுமினியத்திலும் உருவாகும் ஆக்சைடு அந்த உலோகங்களைவிட மிக அதிக வெப்பத்தில்தான் உருகும் என்பதால், இந்த முறை அங்கே எடுபடாது. அவற்றுக்கு பிளாஸ்மா அல்லது லேசர் வேண்டும்.

மெல்லிய தகடு, அலங்கார வடிவம், ஒரே மாதிரி நூறு துண்டு என்றால் லேசர் நல்லது. நேர்வெட்டு மட்டும் போதும் என்றால் ஷியரிங் மெஷின் மலிவு. பைப்புக்குக் கட்டிங் வீல். இதில் மேற்பூச்சோடு தொடர்புள்ள ஒரு நுணுக்கம் உண்டு: ஆக்சிஜனைக் கொண்டு லேசரில் வெட்டிய எஃகு விளிம்பில் மெல்லிய ஆக்சைடு படலம் ஒட்டியிருக்கும். அதைத் தேய்த்து நீக்காமல் பவுடர் கோட்டிங் (தூளைப் படியவைத்துச் சூளையில் உருக்கும் பூச்சு) அடித்தால், படலத்தோடு சேர்ந்து பூச்சும் விளிம்பிலிருந்து உரிந்து வரும். நைட்ரஜனில் வெட்டினால் இந்தத் தொல்லை இல்லை, செலவு கூடும்.

தகட்டை வளைக்கும்போது விரிசல் விடுவது ஏன்?

வளைவின் வெளிப்புறம் இழுபடுகிறது, உட்புறம் நெரிபடுகிறது. உள்வளைவின் ஆரம் தகட்டின் தடிமனைவிடக் குறைந்தால் வெளிப்புறம் தாங்காமல் கீறலாம், எம்.எஸ். தகட்டுக்கு ஆரம் குறைந்தது தடிமன் அளவாவது இருக்கட்டும் என்பது நடைமுறை விதி. தகடு உருட்டப்பட்ட திசைக்குக் குறுக்காக வளைத்தால் நன்றாகத் தாங்கும். வளைத்து விட்டதும் தகடு சற்றே பின்வாங்கும் என்பதால் 90 டிகிரி வேண்டுபவர் இரண்டு டிகிரி கூடுதலாக வளைப்பார், எஸ்.எஸ். இன்னும் அதிகமாகப் பின்வாங்கும்.

ஆர்க், மிக், டிக் வெல்டிங்குகளுக்குள் என்ன வேறுபாடு? நம் ஊருக்கு எது பொருந்தும்?

ஆர்க் வெல்டிங்கில் ராடு எனப்படும் பற்றவைப்புக் கம்பியின் மேலுள்ள பூச்சு எரிந்து தரும் புகையும் கசடும் உருகிய உலோகத்தைக் காற்றிலிருந்து காக்கின்றன. மிக் வெல்டிங்கில் கம்பிச்சுருள் தானாக வந்துகொண்டிருக்க, கார்பன் டை ஆக்சைடோ ஆர்கான் கலவையோ அந்தக் காவலைத் தருகிறது. டிக்கில் டங்ஸ்டன் முனை உருகாமல் நிற்கிறது, நிரப்புக் கம்பியைக் கையால் கொடுக்கிறார்கள், காவலுக்கு ஆர்கான். மிக் வேகமானது. டிக் மெதுவானது, சுத்தமானது, எஸ்.எஸ். கைப்பிடிகளுக்கும் அலுமினியத்துக்கும் அதுவே ஏற்றது.

நம் ஊர் என்று கேட்டதற்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பாலக்காட்டுக் கணவாய் அளவுக்கு அகலமான திறப்பு மேற்குத் தொடர்ச்சி மலையில் வேறெங்கும் இல்லை. ஆனி, ஆடியில் அதன் வழியாக வரும் காற்று மொட்டை மாடியில் நிற்பவரைத் தள்ளும். அந்தக் காற்றில் மிக், டிக் இரண்டின் காவல் வாயுவும் கலைந்துபோய் வெல்டிங்கில் குமிழ்த்துளைகள் விழுகின்றன. மேலே அழகாகத் தெரிந்தாலும் உள்ளே தேன்கூடுபோல் இருக்கும். ஆகவே பட்டறைக்குள் மிக், மாடியில் ராடு என்று பிரித்துக்கொள்வதே முறை. மாடியில் மிக் தான் வேண்டும் என்பவர் தார்ப்பாய் கட்டி மறைத்துச் செய்யட்டும்.

ராடு வகையையும் கேட்டுக்கொள்ளுங்கள். 6013 எல்லா நிலையிலும் எளிதாக ஓடும், மெல்லிய பைப்புக்கு நல்லது. 7018 கூடுதல் உறுதி தரும். ஆனால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையதால் அடுப்பில் உலர்த்திப் பயன்படுத்த வேண்டும். மழைக்காலத்தில் திறந்த பாக்கெட்டில் கிடந்த 7018ஐ எடுத்துப் பற்றவைப்பது, அந்த ராடை வாங்கிய நோக்கத்தையே கெடுப்பதாகும்.

நல்ல வெல்டிங்கை வெளியாள் எப்படி அடையாளம் காண்பது?

கசடைத் தட்டி எடுக்கச் சொல்லிவிட்டுப் பாருங்கள். வரி ஒரே அகலமாக இருக்க வேண்டும், ஓரத்தில் பள்ளம் விழுந்திருக்கக் கூடாது, ஊசித்துளைகள் இருக்கக் கூடாது. வெல்டிங்கை முழுவதும் கிரைண்டரால் தேய்த்துப் பட்டி பூசி மறைத்த பிறகு எவராலும் எதையும் சொல்ல முடியாது; பூச்சுக்கு முன் ஒருமுறை பட்டறைக்குப் போய்வருவதை விட்டுவிடாதீர்கள்.

போன வருஷம்தான் பெயிண்ட் அடித்தோம். கேட் அதற்குள் ஏன் துருப்பிடித்தது?

இந்தப் பக்கத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுவே, பதிலும் நீளமானது. பெயிண்டின் பெயரையும் விலையையும் குறை சொல்வதற்கு முன் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ஆலைச் செதில். சூடாக உருட்டிய எஃகின்மேல் நீலம் கலந்த கறுப்பாக மின்னும் படலம் இருக்கும். பார்வைக்கு அது புத்தம்புதிய இரும்பாகத் தெரியும். உண்மையில் அது இரும்பு ஆக்சைடு. எஃகு வெயிலில் விரிந்து சுருங்கும்போது படலம் விரிசல் விடும். விரிசலில் ஈரம் புகுந்தால் செதிலும் எஃகும் ஒரு மின்கலத்தின் இரு முனைகளைப்போல் செயல்பட்டு, எஃகு அரிக்கப்படும். செதிலின்மேல் அடித்த ரெட் ஆக்சைடு பிரைமர் (அடிப்பூச்சு) எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் செதிலோடு சேர்ந்தே உதிரும். கம்பி பிரஷ் இந்தச் செதிலை மெருகேற்றத்தான் செய்கிறது. மணல் அல்லது இரும்புத்துகள் பிளாஸ்டிங், இல்லாவிட்டால் அமிலத் தொட்டி, அதுவும் இல்லாவிட்டால் பொறுமையோடு ஃபிளாப் டிஸ்க் (கிரைண்டரில் மாட்டும் உப்புத்தாள் வட்டு) என்ற வரிசையில் தேர்ந்தெடுக்கலாம். பிளாஸ்டிங் என்றால் எஸ்.ஏ. இரண்டரை என்ற தரத்தைக் கேளுங்கள். அந்தத் தரத்தில் செதிலும் துருவும் நீங்கி, லேசான கறை மட்டுமே மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது, எண்ணெயும் கசடும். வெல்டிங் தெறிப்புகளின் அடியிலும் கசடின் ஓரத்திலும் பிரைமர் பிடிப்பதில்லை. துருவை நீக்குவதற்கு முன்பே எண்ணெயைத் துடைக்க வேண்டும்; முதலில் தேய்த்துப் பிறகு துடைப்பவர் எண்ணெயைத் தேய்த்த பள்ளங்களுக்குள் பரப்பிவிடுகிறார்.

மூன்றாவது, தண்ணீர் நிற்கும் இடம். பூச்சுக்காரர் கையில் இல்லாத விஷயம் இது, வெட்டும்போதே முடிவாகிவிடுகிறது. மேல்முனை திறந்த சதுர பைப், மேல்நோக்கிக் குழிந்த சேனல், இரண்டு பட்டைகளை முதுகோடு முதுகு வைத்து அங்கங்கே மட்டும் பற்றவைத்த இணைப்பு, தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடிச்சட்டம் ஆகிய நான்கிலும் எந்தப் பூச்சும் நிலைக்காது. பைப்பின் முனையை மூடுங்கள், அடிப்பக்கம் ஒரு வடிகால் துளை விடுங்கள், முதுகோடு முதுகான இணைப்பைத் தொடர்ச்சியாகப் பற்றவையுங்கள், அடிச்சட்டத்தைத் தரையிலிருந்து இரண்டு அங்குலம் தூக்குங்கள்.

கூர்முனைகளையும் லேசாக மழுக்க வேண்டும். ஈரமான பெயிண்ட் விளிம்பிலிருந்து விலகி மெலிந்து காய்வதால் துரு அங்கேதான் முதலில் எட்டிப் பார்க்கும்.

மழைக்காலத்தில் பெயிண்ட் அடிக்கலாமா?

எஃகின் மேற்பரப்பு வெப்பம், காற்றின் பனிப்புள்ளியைவிட (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் அதிகமாக இருக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மிகக் கூடாது. இது உலகெங்கும் பூச்சுத் தொழிலில் கடைப்பிடிக்கப்படும் அளவுகோல். 28 டிகிரி வெப்பமும் 85 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு நாளில் பனிப்புள்ளி ஏறக்குறைய 25 டிகிரியில் இருக்கும். நிழலில் கிடக்கும் கனத்த எஃகு காற்றைவிட ஒரு டிகிரி குளிர்ந்திருந்தாலும் அளவுகோல் தவறிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலத்தின்மேல் அடித்த பெயிண்ட் அடுத்த கோடையில் கொப்பளிக்கும்.

கஞ்சிக்கோட்டுக்கு மேற்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இத்தகைய நாட்களே அதிகம். எருத்தேம்பதி, வடகரப்பதி போன்ற கிழக்குப் பஞ்சாயத்துகள் மழைமறைவில் இருப்பதால் அங்கே பகல் பதினொன்றுக்குப் பிறகு நல்ல வேளை கிடைக்கும். அவசரம் என்றால் பட்டறைக்குள் பிரைமர் அடித்து நிறுத்திவிட்டு, மேல்பூச்சை மழை ஓய்ந்த பிறகு அடிப்பது தாழ்வில்லை.

ஜி.ஐ. பைப்புக்கும் ஹாட் டிப் கால்வனைசிங்குக்கும் வித்தியாசம் உண்டா?

நிறைய உண்டு. கடையில் வாங்கும் ஜி.ஐ. தகடு ஆலையிலேயே தொடர் ஓட்டமாகத் துத்தநாகம் ஏற்றப்பட்டது. 275 கிராம் என்று குறிக்கப்பட்ட தகட்டில் இருபுறமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 275 கிராம், அதாவது ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கும். 120 கிராம் தகட்டில் சுமார் 8 மைக்ரான்தான். ஹாட் டிப்பில் முழுப் பொருளையும் வெட்டிப் பற்றவைத்து முடித்த பிறகு, ஏறக்குறைய 450 டிகிரியில் உருகியிருக்கும் துத்தநாகத் தொட்டியில் அமிழ்த்துகிறார்கள், 6 மி.மீ.க்கு மேற்பட்ட எஃகில் சராசரி 85 மைக்ரான் ஏறும். பூச்சின் ஆயுள் பெரும்பாலும் அதன் தடிமனுக்கு ஏற்பக் கூடுகிறது.

துத்தநாகத்தின் சிறப்பு, கீறல் விழுந்தாலும் தான் கரைந்து எஃகைக் காப்பதில் இருக்கிறது. பெயிண்டால் அது முடியாது. ஆனால் ஜி.ஐ. பைப்பை வாங்கி வெல்டிங் செய்தால் அந்த இடத்தில் துத்தநாகம் போய்விடுகிறது: அது 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும், எஃகோ 1,500 டிகிரியை நெருங்கினால்தான் உருகும். ட்ரஸ்ஸில் துரு எப்போதும் மூட்டுகளில் தொடங்குவதற்கு இதுவே காரணம். வெல்டிங் செய்த இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, துத்தநாகம் மிகுந்த பெயிண்டை இரண்டு தரம் பூச வேண்டும். அலுமினிய நிற பெயிண்ட் அதற்கு ஈடாகாது, நிறம் மட்டுமே பொருந்தும். அந்த வெண்புகையை சுவாசித்தால் மாலையில் குளிர்காய்ச்சல்போல் நடுக்கம் வரும்; காற்றோட்டமும் தகுந்த முகக்கவசமும் இல்லாமல் ஜி.ஐ. வெல்டிங் செய்யக் கூடாது.

ஹாட் டிப்புக்கு அனுப்பப்போகும் பொருளில் பைப்புகளுக்குக் காற்றுத்துளை கட்டாயம். மூடிய பைப்புக்குள் சிக்கிய ஈரம் தொட்டியில் நீராவியாகி வெடிக்கும். துளையை வேலை முடிந்தபின் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால் கால்வனைசிங் ஆலையில் பொருளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஜி.ஐ. மேல் அடித்த எனாமல் பெயிண்ட் பாளம் பாளமாக உரிகிறதே?

சாதாரண எனாமலில் உள்ள எண்ணெய்ப் பொருள், துத்தநாகத்தோடு வினைபுரிந்து இடையில் ஒரு சோப்புப் படலத்தை உண்டாக்குகிறது. பெயிண்ட் அதன்மேல் வழுக்கி நிற்கிறது. ஜி.ஐ.க்கென்றே விற்கும் எட்ச் பிரைமர் அல்லது எபாக்ஸி பிரைமரை முதலில் அடித்தால் இந்தத் தொல்லை வராது.

பவுடர் கோட்டிங் பெயிண்டைவிட மேலானதா?

நன்றாகச் செய்தால் மேலானது. மின்னூட்டம் பெற்ற வண்ணத்தூள், நிலத்தொடர்பு கொடுத்த பொருளில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு 180 முதல் 200 டிகிரி சூளையில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் உருகி இறுகி, 60 முதல் 80 மைக்ரான் தடிமனுள்ள ஒரே தோலாகிறது. கரைப்பான் வாடை இல்லை, வழிசல் இல்லை.

தோல் என்பதே அதன் பலவீனமும் ஆகும். ஓரிடத்தில் கல் பட்டுப் பிளந்தால் ஈரம் தோலுக்கடியில் ஊர்ந்து பரவும். இதைத் தடுப்பது தூளுக்கு முந்திய தொட்டி வேலை. எண்ணெய் நீக்கல், துரு நீக்கல், பாஸ்பேட் ஏற்றல், இடையிடையே கழுவல் என்று வரும் ஏழு தொட்டி முறையைச் செய்யும் இடத்துக்கும், துணியால் துடைத்துவிட்டுத் தூள் அடிக்கும் இடத்துக்கும் விலையில் உள்ள வேறுபாடு நியாயமானதே. தொட்டிகளை நேரில் காட்டச் சொல்லுங்கள்.

வெளியில் நிற்கும் கேட்டுக்கு பாலியெஸ்டர் தூள் வேண்டும். எபாக்ஸி தூள் வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பாக உதிரும். அது வீட்டுக்குள் இருக்கும் சாமான்களுக்கானது. கேட்டின் நீளம் சூளைக்குள் அடங்குமா என்பதையும் வெட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். பொருத்தும் இடத்தில் வெல்டிங் செய்யப்போவதாக இருந்தால் பவுடர் கோட்டிங்கே வேண்டாம். நட்டு போல்ட் இணைப்பாக மாற்றிக்கொள்ளுங்கள்.

எஸ்.எஸ். கைப்பிடியில் பழுப்புப் புள்ளிகள் வருகின்றன. காந்தம் வைத்துப் பார்த்தால் தரம் தெரியுமா?

தெரியாது. சந்தையில் கலந்து விற்கப்படும் 202, 304 என்ற இரண்டு தரங்களுமே காந்தத்தில் ஏறக்குறைய ஒட்டாதவை; நன்கு வளைத்த இடத்தில் 304கூடச் சற்று ஒட்டலாம். 304இல் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. 202இல் விலை கூடிய நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். வேறுபடுத்திப் பார்க்கக் கடைகளில் விற்கும் சோதனைச் சொட்டுத் திரவம் பயன்படும். கடற்கரை வீட்டுக்கு மாலிப்டினம் சேர்ந்த 316 நல்லது. கணவாய்ப் பகுதிக்கு 304 தாராளம்.

ஆனால் புள்ளிகளுக்குக் காரணம் பெரும்பாலும் வேறு. எம்.எஸ். வெட்டிய அதே கிரைண்டர் வீலை எஸ்.எஸ்.ஸில் வைத்தால், அல்லது பக்கத்தில் எம்.எஸ். அறுத்த பொறிகள் அதன்மேல் விழுந்தால், அந்த இரும்புத்துகள்களே துருவாகித் தெரிகின்றன. எஸ்.எஸ்.ஸுக்கு வீலும் பிரஷும் தனியாக இருக்க வேண்டும். வெல்டிங் ஓரத்து நீல, பழுப்பு வண்ணங்களையும் பிக்ளிங் பசை என்னும் அமிலப் பசையால் நீக்கியாக வேண்டும். குரோமியம் அங்கே குறைந்திருக்கும்.

மேட், மிரர் ஃபினிஷ் என்பதெல்லாம் வெறும் அழகுக்குத்தானா?

முழுவதும் அப்படி இல்லை. எஸ்.எஸ்.ஸில் மேட் எனப்படும், மயிரிழைக் கோடுகள் உள்ள பரப்பின் பள்ளங்களில் தூசியும் உப்பும் தங்கும். பளபளப்பான பரப்பை மழையே கழுவிவிடும். கோடுகள் மேலிருந்து கீழாக ஓடினால் நீர் வடியும், ஆகவே நின்ற தூணில் குறுக்குக் கோடு போடாதீர்கள். மெருகேற்றுவதன் உச்சத்தைக் காண விரும்புபவர் கேரளத்தின் ஆறன்முளைக் கண்ணாடியைப் பார்க்கலாம்: செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தைக் கையால் தேய்த்தே, பூச்சு எதுவுமின்றி, முன்பரப்பே பிம்பம் காட்டும் அளவுக்குக் கொண்டுவருகிறார்கள்.

அலுமினியத்துக்கு அனோடைசிங் செய்தால் போதுமா?

போதும். அமிலக் கரைசலில் மின்சாரம் செலுத்தி, அலுமினியத்தின் சொந்த ஆக்சைடையே தடிமனாக வளர்ப்பது அனோடைசிங். உலோகத்திலிருந்தே வளர்ந்தது என்பதால் உரியாது. வெளியிடங்களுக்கு 20 முதல் 25 மைக்ரான் கேளுங்கள். ஈர சிமென்ட் பட்டால் கறை விழுந்து நிரந்தரமாகிவிடும். சுவரில் சிமென்ட் பூச்சுவேலை முடியும்வரை, அலுமினியத்தின்மேல் ஒட்டியுள்ள பாதுகாப்பு டேப்பை உரிக்க வேண்டாம்.

மாடி ட்ரஸ் காற்றில் பறக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

ட்ரஸ் என்றாலே பாரத்தைத் தாங்குவது என்று நினைத்துத் தூணைக் கனமாக்குகிறார்கள். நான்கு பக்கமும் திறந்த மாடிக்கூரைக்கு உண்மையான ஆபத்து, கீழிருந்து தூக்கும் காற்று. அடியில் புகும் காற்று மேலே தள்ள, மேலே ஓடும் காற்று உறிஞ்ச, இரண்டும் ஒரே திசையில் சேர்கின்றன. காற்றுச் சுமைக்கான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி இந்த உறிஞ்சலுக்குத் தனிக் கணக்கே வைத்திருக்கிறது. எனவே தூணின் அடித்தகட்டைக் கைப்பிடிச்சுவர்ச் செங்கலில் பதிக்காமல், கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் போட்டு முடுக்குங்கள். கூரையின் ஓர வரிசைகளிலும் மூலைகளிலும் ஸ்க்ரூக்களை நெருக்கமாகப் போடுங்கள். உறிஞ்சல் அங்கேதான் அதிகம். ஸ்க்ரூவை ரப்பர் வாஷர் பிதுங்கும் அளவுக்கு முடுக்கினால் வாஷர் வெயிலில் வெடித்து, அடுத்த மழையில் ஒழுகும்.

கேரளத்தில் வேலை செய்து, பூச்சுக்கு மட்டும் கோவைக்கு அனுப்பலாமா?

தாராளமாக அனுப்பலாம், கணபதி, குறிச்சி பக்கம் அனுப்புபவர்கள் பலர். ஜி.எஸ்.டி. பதிவுள்ள பட்டறையாக இருந்தால், மாநிலம் விட்டு மாநிலம் கூலி வேலைக்குப் பொருள் அனுப்பும்போது மதிப்பு 50,000 ரூபாய்க்குக் கீழே இருந்தாலும் ஈ-வே பில் (சரக்குப் போக்குவரத்துக்கான மின்னணுச் சீட்டு) வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். உள்ளூர் வழக்கத்தை நம்பி வெறும் சலானோடு வண்டி ஏற்றுபவர்கள் வாளையாற்றில் நிற்க நேர்கிறது. திரும்பும் வழிக்குப் பூச்சின்மேல் துணியோ ஃபோம் தாளோ சுற்றச் சொல்லுங்கள். கயிறு உரசிய தடத்தை இங்கே வந்து டச்-அப் பெயிண்டால் மறைத்தால், வெயில் படும் பக்கம் நிறம் வேறாகத் தெரியும்.